தொட்டிக்கு எந்த மணல்

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
14.5.1978

அன்புள்ள மகள் ஹில்டாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. நான் நலம். உன் நலமும் மாப்பிள்ளை பால்துரை நலமும் அறிய ஆவல்.

நேற்றிலிருந்து நம் தெருவில் எனக்கு மரியாதை குறைந்துவிட்டது. வேறு யார் வாயாலாவது நீ கேள்விப்படுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

புதுத் துறைமுகத்தில் ஒரு ஆபீசர் மாற்றலாகி விசாகப்பட்டினம் போகிறார். ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் ஆகியும் காலையானால் என் கால் துறைமுகப் பக்கம்தானே போகிறது. சாமான் ஏற்றுகிற இடத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். அவர் வீட்டம்மா ஒரு கண்ணாடித் தொட்டியையும் அதிலிருந்த இரண்டு தங்க மீனையும் காட்டி, யாராவது கொண்டுபோனால் நல்லது என்றார். நாலு பேர் நின்ற இடத்தில் நான் ஒருத்தன்தான் வாயைத் திறந்தேன். மீன் தூக்குச்சட்டிக்குப் போயிற்று, தொட்டி ரிக்‌ஷாவில் என் மடிக்கு வந்தது. வெயில் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் குத்தியதால் தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் போர்த்தினேன். அங்கே பிடித்தது வினை.

தெருமுனையில் நம் அடுத்த வீட்டு பிளாரன்ஸ் மீன் அலசிக்கொண்டிருந்தவள், சட்டென்று எழுந்து முக்காடு போட்டு நெற்றியில் சிலுவை போட்டாள். அவளைப் பார்த்துக் குழாயடியில் நின்ற பெண்கள் எல்லாரும் போட்டார்கள். ஒரு கிழவி குடத்தை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்து துண்டோடு கண்ணாடியைத் தொட்டு முத்தி செய்தாள். நான் ஏதோ புனிதர் சுரூபம் வைத்த கண்ணாடிக் கூட்டை மடியில் வைத்துக் கொண்டுவருகிறேன் என்று நினைப்பு. ரிக்‌ஷாக்கார பாஸ்கலுக்கு விஷயம் தெரியும். தெரிந்தும் அந்தப் பாவி மணியடிப்பதை நிறுத்தி, சப்பரம் போகிற மாதிரி மெல்ல மெல்ல மிதித்தான். துண்டை எடுத்தால் வெட்கம், எடுக்காவிட்டால் பாவம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

வாசலில் இறக்கும்போது பிளாரன்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எந்தப் புனிதரு அண்ணாச்சி? அந்தோனியாரா?"

"ஏளா, மீன் தொட்டி."

"அட நீங்க நல்லாருப்பிய! நான் மெழுகுவத்தி நேந்துட்டேனே!"

மெழுகுவத்தியை மீனுக்கே கொளுத்து என்றேன். இன்னும் பேசாமல் இருக்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தொட்டியின் அடியில் கிடந்த கலர் கல்லையெல்லாம் ஆபீசர் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அடியில் வெறும் கண்ணாடி. அதில் மீனுக்குத் தன் உருவமே தெரிகிறது. குனிந்து பார்க்கிறது, விலுக்கென்று ஓடுகிறது, திரும்பி வருகிறது, மறுபடியும் ஓடுகிறது. எனக்குச் சகிக்கவில்லை. முயல் தீவு வெள்ளை மணலை இரண்டு கை அள்ளிப் போட்டு, மேலே கொஞ்சம் முத்துச்சிப்பி ஓடும் பவளக்கல்லும் வைத்தால் அழகாக இருக்கும் என்று தோன்றுகிறது. நீ காலேஜில் மீன், தவளையெல்லாம் படித்தவள். சரியா என்று ஒரு வரி எழுது.

அம்மாவின் வருஷப் பூசை முடிந்து நீ ஊருக்குக் கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டில், "அப்ப சொவத்தோடயே பேசிட்டு இருங்க" என்றாய். பேசிப் பார்த்தேன். சுவர் மதிக்கவில்லை. மீன் அப்படி இல்லை, நாம் பேசினால் வாயைத் திறந்து மூடுகிறது.

இப்படிக்கு
உன் அப்பா
பர்னபாஸ்


சாகுபுரம்
20.5.1978

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு பேரும் நலம்.

கடல் மணல் போடாதீர்கள். தங்க மீன் நன்னீர் மீன். அதற்குக் கடலைத் தெரியாது. முயல் தீவு மணலில் பாதி உப்பு, பாதி நொறுங்கிய சிப்பி. உப்பு அதற்கு ஆகாது. சிப்பியும் பவளக்கல்லும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீர் ஆக்கும். அதோடு, தங்க மீன் அடியில் இருப்பதை வாயில் அள்ளி அள்ளித் துப்பும். சிப்பி முனை வாயைக் கிழிக்கும்.

எந்த மணலாக இருந்தாலும் ஒரு கரண்டி எடுத்து அதன்மேல் வினாகிரி ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். பாட்டில் குசினியில் மேல்தட்டில், மஞ்சள் டப்பாவுக்குப் பின்னால் இருக்கும். அம்மா அங்கேதான் வைப்பாள். நீங்கள் இடத்தை மாற்றியிருக்க மாட்டீர்கள்.

வெறும் கண்ணாடியில் மீன் தவிப்பது உங்களுக்குச் சகிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். அம்மா போன பிறகு அந்த வீட்டில் நீங்கள் தனியாக நடமாடுவதைப் பார்த்து எனக்கும் அப்படித்தான் இருந்தது. எங்களோடு வந்து இருங்கள் என்று கூப்பிட்டேன். அதற்கு நீங்கள் பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் முன்னால், "மருமவன் வீட்டுச் சோத்துக்கு நான் இன்னும் வக்கத்துப் போவல" என்றீர்கள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றார். பஸ்ஸில் ஊர் வரும்வரை முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் திறந்து வைத்துவிட்டுப் பிறகு தொட்டியில் ஊற்றவும்.

ஹில்டா


தூத்துக்குடி
6.6.1978

அன்புள்ள மகள் ஹில்டாவுக்கு,

உன் கடிதம் வருவதற்குள் நான் வேலையை முடித்துவிட்டேன். பொறுமை எனக்குக் கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் மட்டும்தான் இருந்தது. அங்கே மூட்டை எண்ணிக்கொண்டு நிற்பதற்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

முயல் தீவு மணல், சிப்பி, நடுவில் கோபுரம் மாதிரி ஒரு பவளக்கல். பார்க்கக் கண்கொள்ளாது. மீனுக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் கஞ்சி மாதிரி ஆகி, இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் உன் கடிதத்தை நீட்டினார். படித்ததும் மீனை வாளிக்கு மாற்றிவிட்டேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. கடலை நம்பியே பிழைத்த கூட்டம் நாம். மீனுக்குக் கடல் மணல் ஆகாது என்று நமக்கே ஒருத்தி சொல்கிறாள், அவளும் நான் பீஸ் கட்டிப் படிக்க வைத்தவள். சரி, பரீட்சை வைத்துப் பார்ப்போம் என்று வினாகிரியை எடுத்தேன். பாட்டில் நீ சொன்ன இடத்தில்தான் இருந்தது. ஒரு கரண்டி என்று நீ எழுதியதைக் கவனிக்கவில்லை, பேசினில் இருந்த மணல் மேல் கணிசமாக ஊற்றிவிட்டேன். சோடா பாட்டில் உடைத்த மாதிரி புஸ்ஸென்று பொங்கித் தரையெல்லாம் நுரை. வாசனை தெருவுக்குப் போய்விட்டது. பிளாரன்ஸ் கோபத்தை மறந்து சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"ஏன் அண்ணாச்சி, மீனை உசுரோடயே ஊறுகா போடுதியளா?"

ஆக, கடல் மணல் பெயில்.

அடுத்ததாக எனக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. உன் மாமனார் ஊர்ப் பக்கம் தேரியில் கிடக்கிறதே செம்மணல், பட்டு மாதிரி, குங்குமம் மாதிரி. நம் மணல் ஆகாவிட்டால் சம்பந்தி வீட்டு மணல் ஆகும்தானே? உப்பு லாரிக்காரன் ஒருத்தனிடம் சொல்லிவிட்டு ஒரு பை வரவழைத்தேன். வினாகிரி ஊற்றினால் ஒரு குமிழி இல்லை. பாஸ். உடனே போட்டுத் தண்ணீரை ஊற்றினேன். மகளே, தொட்டி முழுக்க ரத்தம். நல்லவேளை மீன் இன்னும் வாளியில்தான் இருந்தது. தெளியும் தெளியும் என்று காத்திருந்தேன். மறுநாளும் ரத்தம்தான். பிளாரன்ஸ் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பைபிள்ல எகிப்து தேசத்து ஆறுல்லா இப்படி ரத்தமா ஆச்சு. அடுத்தால தவள வரும், பாத்துக்கிடுங்க" என்றாள்.

தொட்டி இப்போது காலியாகக் கவிழ்ந்து கிடக்கிறது. மீன் வாளியில். அவற்றுக்குப் பேர் வைத்துவிட்டேன். கப்பல் கேப்டன் மாதிரி முன்னால் போகிறது கப்பித்தான். பின்னாலேயே வாயைப் பிளந்துகொண்டு போகிறது கிளார்க்கு. பழைய கிளார்க்கு என்கிற முறையில் அது எனக்குச் சொந்தம்.

நீ எழுதியிருந்த மற்ற விஷயத்தையும் படித்தேன். மருமகன் வீட்டில் போய் உட்கார்ந்த மாமனாரை நம் தெருவில் என்ன சொல்வார்கள் என்று உனக்குத் தெரியும். மீனை வாளியில் விட்டுவிட்டு இதைப் பற்றி நீளமாக எழுத முடியவில்லை.

அப்பா


சாகுபுரம்
21.6.1978

அன்புள்ள அப்பாவுக்கு,

எகிப்து ஆற்றை இவரிடம் வாசித்துக் காட்டினேன். நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கப் போனவர், பாயில் உட்கார்ந்து சிரித்தார். "மாமா எங்க ஊரு மண்ணையும் விட்டு வைக்கலியா" என்றார். அவர் சிரித்ததைப் பார்த்துச் சில நாளாகிவிட்டது. அதற்காகவாவது தேரி மணல் உதவியது.

அது மணலே இல்லை அப்பா, பாதி தூசி. இரும்புத் துரு ஒவ்வொரு பொடியிலும் ஒட்டியிருக்கும். நூறு தடவை கழுவினாலும் போகாது.

உங்களுக்கு வேண்டியது ஆற்று மணல். பொடியும் வேண்டாம், சரளையும் வேண்டாம். கடுகுக்குப் பெரியது, மிளகுக்குச் சிறியது. சரளை என்றால் மீன் வாயில் சிக்கும், பொடி என்றால் அடியில் இறுகி நாறும். ஆழ்வார்திருநகரியில் ஆற்றில் இறங்கினால் அந்த மாதிரி கிடைக்கும். உருண்டையான மணி, முனை இருக்காது. வாளியில் போட்டுக் கையால் கிண்டிக் கிண்டித் தண்ணீரை இறுத்துக்கொண்டே இருங்கள். கலங்காமல் எப்போது வருகிறதோ அதுவரை. இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பினால் போதும். கீழே உருவம் தெரியாது, மீன் பயப்படாது.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே மாதிரி, ஒரே நிறம். அவர் பகல் ஷிப்ட் என்றால் வீட்டில் நான் மட்டும். நைட் ஷிப்ட் என்றால் அவர் தூங்குவார், நான் சத்தம் போடாமல் சமைப்பேன். காற்று திரும்பினால் ஆலை வாசனை வரும், ஜன்னலைச் சாத்துவேன். உங்களுக்கென்று ஒதுக்கின அறையில் இப்போது வெங்காயம் காய்கிறது.

நான் இனிமேல் கூப்பிட மாட்டேன் அப்பா. கூப்பிட்டதெல்லாம் போதும். இவர் முகத்தை இன்னொரு தடவை அப்படிப் பார்க்க என்னால் முடியாது. வர வேண்டும் என்று உங்களுக்கே தோன்றினால் வாருங்கள், வீடு இருக்கிறது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுதவில்லை.

மணல் போட்டதும் எழுதுங்கள்.

ஹில்டா


தூத்துக்குடி
17.7.1978

அன்புள்ள மகள் ஹில்டாவுக்கு,

ஆழ்வார்திருநகரிக்கு நானே நேரில் போய்விட்டேன். ஒரு சாக்கும் ஒரு கொட்டாங்கச்சியும் எடுத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி ஆற்றில் இறங்கி, கடுகுக்குப் பெரிது மிளகுக்குச் சிறிது என்று ஜெபம் மாதிரி சொல்லிக்கொண்டே அள்ளினேன். கரையில் துணி துவைத்த பெண் ஒருத்தி வெகுநேரம் பார்த்துவிட்டு, "எதயும் தொலச்சிட்டியளா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். இல்லை என்றால் விளக்கம் சொல்ல வேண்டும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்டக்டர் சாக்கைக் காலால் தட்டினார்.

"என்னது இது, நெல்லா?"

"மணல்."

"மணலா? எங்க எறங்கணும்?"

"தூத்துக்குடி."

"ஏன் அண்ணாச்சி, தூத்துக்குடிக்காரரு மணல் வாங்க வெளியூருக்கா வந்திய? அங்கன உள்ளதெல்லாம் தீந்துட்டா?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு வழி இல்லை. சாக்கிலிருந்து தண்ணீர் ஒழுகி ஒரு அம்மாவின் முறுக்குப் பொட்டலம் நனைந்துவிட்டது. அதையும் நானே வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. நனைந்த முறுக்கு மோசமில்லை, என் பல்லுக்கு அதுதான் சரி.

ஆற்றங்கரையில் இருந்து உன் வீடு பக்கம்தான். திருச்செந்தூர் பஸ் ஒன்று வந்து நின்றது. ஏறியிருக்கலாம். ஆனால் வேட்டியெல்லாம் ஈரம், கையில் ஈரச் சாக்கு. அந்தக் கோலத்தில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் நிற்க வேண்டாம் என்று அதை விட்டுவிட்டேன்.

முற்றத்தில் உட்கார்ந்து கழுவினேன். கலங்கல் போகப் போக மணல் பேச ஆரம்பித்துவிட்டது, கையில் சரசரவென்று. வினாகிரி ஊற்றினேன், மூச்சு விடவில்லை. இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பித் தண்ணீரை ஒரு தட்டின் மேல் மெல்ல ஊற்றினேன். கப்பித்தானை முதலில் விட்டேன். நேராக அடிக்குப் போய் ஒரு வாய் மணலை அள்ளி மென்று பார்த்துவிட்டுத் துப்பிற்று. கிளார்க்கு பின்னாலேயே போய் அதே இடத்தில் அதையே செய்தது. மேலதிகாரி செய்வதைச் செய்தால் தப்பு வராது என்று அதற்கும் தெரிந்திருக்கிறது. இப்போது ஓட்டம் இல்லை, பயம் இல்லை. நாள் முழுக்க அள்ளுவதும் துப்புவதும்தான்.

எனக்கும் ஒரு குறையும் இல்லை. காலையில் எழுந்ததும் மீனுக்குத் தீனி, அப்புறம் எனக்குத் தீனி. நாற்காலியைத் தொட்டிக்கு எதிரில் போட்டுவிட்டேன். பேச்சுத் துணைக்குப் பஞ்சமே இல்லை. நீ என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

மாதா திருவிழாவுக்குக் கொடி ஏறப்போகிறது. பெருநாளன்று வந்தால் வா. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால், வேலை இருந்தால், வெயிலாக இருந்தால் வர வேண்டாம்.

அப்பா


சாகுபுரம்
9.8.1978

அன்புள்ள அப்பாவுக்கு,

பெருநாளன்று நான் வந்திருந்தேன்.

உங்களிடம் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எப்படியும் பாஸ்கல் சொல்லிவிடுவான். அவன் ரிக்‌ஷாவில்தான் தெரு முனை வரை வந்தேன். இவருக்கு லீவு இல்லை, நான் மட்டும் வந்தேன். கோயிலில் கூட்டத்தில் உங்களைத் தேடினேன். காணவில்லை என்றதும் வீட்டுக்கு வந்தேன்.

ஜன்னல் திறந்திருந்தது. ஊரே கோயிலில் இருக்க, நீங்கள் தெருவுக்கு முதுகு காட்டிக்கொண்டு தொட்டிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தீர்கள். கையை ஆட்டி ஆட்டி மீனிடம் என்னவோ பேசிக்கொண்டிருந்தீர்கள். என்ன பேசினீர்கள் என்று வேட்டுச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. நடுவில் தலையில் அடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அப்புறம் மறுபடியும் ஆரம்பத்திலிருந்து பேசினீர்கள். அம்மா போனதற்குப் பிறகு நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். தட்டினால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும், நாம் இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டில் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்போம் என்று தோன்றியது. கொண்டுவந்த பணியாரத்தை, அப்பாவுக்கு என்று ஒரு சீட்டு எழுதிப் பிளாரன்ஸ் அக்கா வீட்டு வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அது உங்களிடம் வந்து சேர்ந்ததா?

இன்னொரு செய்தி. பரோடாவுக்குப் பக்கத்தில் ஒரு உரத் தொழிற்சாலையில் இவருக்கு வேலை வந்திருக்கிறது. ஆர்டர் மே மாதமே வந்துவிட்டது. நான்தான் இழுத்துக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் இருக்கிறார், அவசரம் என்றால் ஒரு பஸ்ஸில் போய்விடலாம், அங்கே போனால் எப்படி என்று. உங்கள் போன கடிதத்தையும் பெருநாளன்று பார்த்ததையும் சேர்த்து யோசித்தேன். உங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று இவரிடம் சொன்னேன். இவர் அன்றைக்கே சம்மதம் எழுதிப் போட்டுவிட்டார்.

செப்டம்பரில் கிளம்புகிறோம். மெட்ராஸ் ரயிலைத் தூத்துக்குடியில்தான் பிடிப்போம். ஸ்டேஷனுக்கு வருவீர்களா?

மீனிடம் அப்படி என்ன சொல்லிச் சிரித்தீர்கள்?

ஹில்டா


தூத்துக்குடி
15.8.1978

அன்புள்ள மகள் ஹில்டாவுக்கு,

ரொம்ப ரொம்ப சந்தோஷம். மாப்பிள்ளையிடம் என் வாழ்த்தைச் சொல்லு. பெரிய கம்பெனி, பெரிய ஊர். நம் குடும்பத்தில் வடக்கே போய் உட்காருவது நீதான் முதல். பிளாரன்ஸிடம் சொன்னேன், "அங்கன எல்லாரும் சப்பாத்தில்லா திங்காவ? மீனு கிடைக்குமா?" என்று கவலைப்பட்டாள். கிடைக்கும், கண்ணாடித் தொட்டியில் என்றேன்.

பணியாரம் வந்தது. யார் வைத்தது என்று அவள் சொல்லவில்லை. அவள் சுட்டது என்று நினைத்துக்கொண்டு, "ஒனக்குக் கைப்பக்குவம் வந்துட்டு" என்று அவளைப் புகழ்ந்துவிட்டேன். அவளும் அந்தப் பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டாள்.

மீனிடம் என்ன சொன்னேன் என்று கேட்டிருக்கிறாய். ஒன்றுமில்லை. ரேஷன் கடை சீனியைப் பற்றி ஏதோ.

ஸ்டேஷனுக்குக் கட்டாயம் வருவேன். ரயில் தேதி எழுது. கம்பளி வாங்கு, அங்கே குளிருமாம்.

அப்பா


பரோடா
30.9.1978

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். வீடு இரண்டாவது மாடி. கீழே பார்த்தால் ரோடு, எருமை மாடு, புழுதி. கடல் எந்தத் திசை என்று தெரியாமல் படுத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. இவரிடம் கேட்டேன், அந்தப் பக்கம் என்று கையைக் காட்டினார். சரியாகத்தான் காட்டினாரா தெரியாது.

பக்கத்து வீட்டு அம்மா நல்லவர். கதவைத் தட்டி ஏதாவது தருகிறார், ஏதாவது சொல்கிறார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. சிரிக்கிறேன். அவரும் சிரிக்கிறார். கதவைச் சாத்திய பிறகு வீடு முன்னைவிட அமைதியாகிவிடுகிறது.

நேற்றுக் கடைத்தெருவில் மீன் கடை ஒன்று பார்த்தேன், வளர்க்கிற மீன். தொட்டிக்குப் போட நீலக் கல், பச்சைக் கல் என்று மூட்டை மூட்டையாக வைத்திருக்கிறான். உங்களுக்கு ஒரு படி வாங்கலாம் என்று கையில் அள்ளிப் பார்த்தேன். கையில் சாயம் ஒட்டியது. வேண்டாம் என்று வந்துவிட்டேன். ஆற்று மணலே இருக்கட்டும்.

ஸ்டேஷனில் நீங்கள் பேசிக்கொண்டே இருந்தீர்கள். கூஜா, ஜன்னல் ஷட்டர், கொய்யாப்பழம், மணியாச்சியில் இறங்காதே என்று. எனக்கு ஒரு வார்த்தை பேச இடம் கொடுக்கவில்லை. இவரிடம் மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றீர்கள். ரயிலில் அதைச் சொல்லிக்கொண்டே வந்தார். மாமா கையை வெகுநேரம் விடவில்லை என்றார்.

ரயில் நகர்ந்ததும் நீங்கள் கூடவே நடந்து வந்து ஏதோ சொன்னீர்கள். இன்ஜின் சத்தத்தில் தண்ணீர் என்பது மட்டும் கேட்டது. என்ன சொல்ல வந்தீர்கள்?

ஹில்டா


தூத்துக்குடி
14.10.1978

அன்புள்ள மகள் ஹில்டாவுக்கு,

மழை பிடித்துக்கொண்டது. தெருவில் கணுக்கால் தண்ணீர். வெளியே போக முடியாததால் நீளமாக எழுதுகிறேன்.

மீன் இரண்டும் சுகம். மணலைக் கிளறி மூலையில் ஒரு பள்ளம் பண்ணி வைத்திருக்கின்றன. நான் காலையில் நிரவுகிறேன், சாயங்காலத்துக்குள் மறுபடி பண்ணிவிடுகின்றன. போன வாரம் பிளாரன்ஸிடம், ஒரு பேச்சுக்குத்தான், யாராவது ஊருக்குப் போக வேண்டி வந்தால் இந்தத் தொட்டியைப் பார்த்துக்கொள்வாயா என்று கேட்டேன். "யாரு போறா?" என்றாள். யாருமில்லை என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "கொண்டாந்து வச்சிட்டுப் போங்க, நான் என்ன கொழம்பா வைக்கப்போறேன்?" என்றாள்.

பெருநாளன்று மீனிடம் நான் சீனியைப் பற்றிப் பேசவில்லை.

நீ எப்படியும் வருவாய் என்று எனக்குத் தெரியும். கோயிலுக்குப் போனால் நீ வரும் நேரம் தப்பிவிடும் என்றுதான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். நீ இனிமேல் கூப்பிட மாட்டேன் என்று எழுதிவிட்டாய். அப்படியானால் நான்தான் வாயைத் திறக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் அப்படிப் பேசின வாயை எப்படித் திறப்பது? அதைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். கப்பித்தான் மாப்பிள்ளை, கிளார்க்கு நீ. "மாப்பிள்ளை, வீட்டில் ஓடு மாற்ற வேண்டியிருக்கிறது, அதுவரைக்கும் உங்களோடு" என்று ஆரம்பித்தேன். சரியாக வரவில்லை. "டாக்டர் காற்று மாறச் சொல்கிறார்" என்று பார்த்தேன். ஆலை வாசனைக்கா காற்று மாறுகிறாய் என்று எனக்கே தோன்றித் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன். நீ பார்த்தது அந்தச் சிரிப்பை. அப்புறம் மறுபடி முதலிலிருந்து சொல்லிப் பார்த்தேன். நீ உள்ளே வந்திருந்தால் அன்றைக்கு ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லிப் பெட்டியைக் கட்டியிருப்பேன்.

நீ வரவில்லை என்று நினைத்துத் தொட்டியைத் துணி போட்டு மூடிவிட்டுப் படுத்தேன்.

ஸ்டேஷனிலும் அதற்குத்தான் மாப்பிள்ளை கையைப் பிடித்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மனப்பாடம் பண்ணினதெல்லாம் போய்விட்டது. நல்ல பிள்ளை, கையை இழுத்துக்கொள்ளாமல் நின்றார். அவர் பார்த்துக்கொண்டே இருந்ததால்தான் உன்னிடம் கூஜாவையும் கொய்யாப்பழத்தையும் பற்றி அத்தனை பேசினேன். வாய் சும்மா இருந்தால் வேறு எதையாவது சொல்லிவிடும் என்று பயம்.

ரயில் நகர்ந்தபோது நீ ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு கையை ஆட்டினாய். நான் கூடவே நடந்தேன். பிளாட்பாரம் முடிகிற இடத்தில், இறங்கித் தண்ணீர் பிடிக்காதே என்று கத்தினேன். நீ கேட்டது அதுதான். சத்தமாகச் சொன்னதும் அதுதான். சொல்லாமல் நின்றது இது:

நானும் வாரேன், ஹில்டா.